இவனுக்கு என்ன லாபம்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் கதை வந்த பத்திரிகையை உன் அத்தான்தான் காசு கொடுத்து வாங்கினார். வாங்கி வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார். லிஃப்ட் மெக்கானிக்குகள் டீ குடிப்பது மொட்டை மாடியில், மோட்டார் அறை வாசலில். ஐந்தாறு பேர் உட்காருவார்கள். அங்கே போய், "என் மச்சான் எழுதினது, கேளுங்கய்யா" என்று எலக்ட்ரீஷியன் கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு, தானும் படித்துப் பார்க்காமல் போன மனுஷன்.

அவன் படித்தான். பக்கவாதத்தில் விழுந்து, வலது கை மடங்கிப்போன ஒரு கிழவர். தினமும் காலையில் வெந்நீரில் துணி நனைத்து ஒற்றடம் கொடுத்து, விரல் விரலாக நிமிர்த்தி, உள்ளங்கையில் துணிச்சுருள் வைக்கும் ஒரு மருமகன். தெருவே அவனைப் புகழ்கிறது. கடைசிப் பக்கத்தில், அவன் அந்தக் கட்டைவிரலில் மை தடவி வீட்டுப் பத்திரத்தில் அழுத்துகிறான். அதற்காகத்தான் ஒரு வருஷமாக விரலை நிமிர்த்திக்கொண்டிருந்தானாம்.

உன் அத்தான் தினமும் கால் மணி நேரம் தாமதமாக வருவதற்கு சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருக்கிறார். அப்பாவின் மடங்கிப்போன கையைப் பார்த்துவிட்டு வருவதற்காக என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். படித்து முடித்ததும் ஒவ்வொருத்தராக டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்களாம். மறுநாள் ஒருத்தன் ஆரம்பித்தான், "என்ன ரேகை, இன்னிக்கு எத்தனை விரல் நிமிந்துச்சு?" இப்போது அவருக்கு அங்கே ரேகை என்றுதான் பெயர். பதினெட்டு வருஷமாக ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவைக் குளிப்பாட்டினார், துணி மாற்றினார், ஊட்டினார். மறுநாள் காலை வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் இறக்கினார். "அந்தக் கைய இனிமே உங்க வீட்டு ஆளுங்களே பாத்துக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்றோடு பதினோரு நாள். மற்றதெல்லாம் செய்கிறார். கையை மட்டும் தொடுவதில்லை.

அவருக்கு ஒரு வரி எழுது. தப்பு என்று எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் ஒரே ஆச்சரியம். என் கதையை ஐந்து மெக்கானிக்குகள் கடைசி வரி வரை கேட்டிருக்கிறார்கள்! பத்திரிகை ஆசிரியர்கூட அவ்வளவு பொறுமையாகப் படித்திருக்க மாட்டார்.

கதையில் வருகிறவன் மரக்கடைக் கணக்கன். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கதையில் கிழவருக்கு ஒரே மகள், அவளும் ஊமை. நீ ஊமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். போன மழைக்காலத்தில் இரண்டு நாள் அங்கே வந்து தங்கினேன், ஒரு காட்சியைப் பார்த்தேன், எடுத்துக்கொண்டேன். தச்சன் மரத்தைப் பார்த்தால் நாற்காலிதான் நினைப்பான். அதற்கு மரத்திடம் மன்னிப்புக் கேட்பானா?

நான் எப்படி எழுதுகிறேன் என்று இத்தனை வருஷத்தில் நீ கேட்டதில்லை. இப்போது கேள். இருபத்திரண்டு வயதில் நான் எழுதியதெல்லாம் நல்லவர்கள் கதை. கண்டக்டர் பர்ஸைத் திருப்பிக் கொடுப்பான், வாத்தியாரம்மா ஏழைப் பிள்ளைக்குச் செருப்பு வாங்கித் தருவாள். ஒன்று பாக்கியில்லாமல் திரும்பி வந்தது. அப்புறம் நான் மெய்ப்புத் திருத்துகிற அச்சகத்தில் முதலாளி ஒருநாள் தோளில் கை போட்டு, "நீ என் தம்பி மாதிரிடா" என்று சொல்லி ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். நான் அழுதேவிட்டேன். அடுத்த வாரம் கூட வேலை செய்கிறவன் மேல் பொய்ச்சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அதை அப்படியே எழுதினேன். முதல் முறையாக அச்சில் வந்தது. அன்றிலிருந்து எந்தக் கதை எழுதினாலும் முதல் தாளின் உச்சியில் "இவனுக்கு என்ன லாபம்?" என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். பதில் கிடைத்தால் கதை கிடைத்துவிடும். ஆதாயம் இல்லாமல் எவனும் ஆற்றோடு போகமாட்டான், அக்கா. இது என் கண்டுபிடிப்பு இல்லை, உலகம் அப்படி.

அத்தானைச் சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. குற்றமில்லாத நெஞ்சு ஏன் இப்படிக் குறுகுறுக்கிறது? தொப்பி தனக்குப் பொருந்தவில்லை என்றால் தலையில் வைத்துப் பார்ப்பானேன்?

மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். ஒன்றுக்கு எழுதினால் அப்புறம் ஒவ்வொரு கதைக்கும் எழுதவேண்டி வரும்.

தம்பி


மார்ச் 13

டேய்,

"குறுகுறுக்கிறது" என்று எழுதிய கை விளங்குமா உனக்கு?

அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி. நாலு விரலும் உள்ளே மடங்கிவிட்டன. நகம் உள்ளங்கையில் இறங்குகிறது. வெட்டலாம் என்றால் நகவெட்டி உள்ளே போக இடமில்லை. நேற்று விரலிடுக்கில் ஈரம் கசிந்தது, முகர்ந்து பார்த்தேன், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினைந்து வருஷமாக அழுக்கு விரிப்பு பிரிக்கிறவள் நான், எனக்கே குமட்டியது. புண். நான் தொட்டால் இடது கையால் அடிக்கிறார். முகத்தில் அடித்தார். அவர் கையைக் கொடுத்த ஒரே ஆள் அவர் மருமகன். பெற்ற பெண்ணுக்குக் கொடுக்காத கையை அந்த மனுஷனுக்குக் கொடுத்தார். அதைத்தான் நீ விலைக்கு விற்றாய்.

நான் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போயாக வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "மருமகன் எதுக்கு விட்டுட்டாரு? கதையில வந்தது நெசமா?" என்று கேட்கிறாள். செய்தால் பத்திரத்துக்காகச் செய்தான். விட்டால் குட்டு வெளிப்பட்டதால் விட்டான். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் கதை நிற்கிறது.

உன் கதைகள் எல்லாவற்றையும் நான் படித்திருக்கிறேன். உனக்குத் தெரியாது. நோயாளியிடம் அன்பாக இருக்கும் நர்ஸ், கடைசியில் அவன் சங்கிலிக்காக. நண்பனுக்கு ரத்தம் கொடுப்பவன், கடைசியில் நண்பன் பெண்டாட்டிக்காக. உன் கதையில் ஒருத்தராவது ஒரு டம்ளர் தண்ணீர் சும்மா கொடுத்திருக்கிறார்களா? கடைசிப் பத்தியை முதலில் படித்துவிட்டால் மீதி படிக்கவே வேண்டாம். பெரிய திருடனைப் பிடித்தவன் மாதிரி ஒவ்வொரு தடவையும் முகத்தை வைத்துக்கொள்கிறாய். திருடனையும் நீயேதான் உள்ளே கொண்டுபோய் வைக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கிழவருக்கு மகனே இல்லை என்று எழுதினாயே, ஏன்? மகள் இருக்கிறாள், ஊமையாக. மருமகன் இருக்கிறான், திருடனாக. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு வருஷத்துக்கு இரண்டு நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருகிற மகனை எங்கே காணோம்? அந்த முதல் தாளின் உச்சியில் உன் பெயரை எழுதிக் கேட்டாயா, இவனுக்கு என்ன லாபம் என்று? நான் சொல்கிறேன். கவனித்துக்கொள்கிறவன் அயோக்கியன் என்றால், வராதவன் யோக்கியன் ஆகிவிடுவான்.

வீடு, வீடு என்று எழுதியிருக்கிறாயே, அது அப்பா விழுவதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. போன வருஷம் உன் அத்தான் உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் பிரதி அனுப்பினார். கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய், சீட்டு இங்கே இருக்கிறது. படித்தாயா, இல்லையா?

அக்கா


மார்ச் 18

அக்கா,

கவர் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஒட்டு பிரிக்காமல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அது வந்தபோது அத்தான் கையெழுத்தைப் பார்த்தேன், கனமாக இருந்தது. "பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடு" என்று ஏதோ தாள் அனுப்பியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். பிரித்தால் பதில் எழுத வேண்டும், சண்டை வரும். அதனால் பிரிக்கவில்லை. ஆனால் நான் நினைத்தது உண்மை என்றே வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அங்கே வந்தபோது அதே நினைப்போடுதான் அவர் அப்பா விரலை நிமிர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பிரித்தேன். வீடு உனக்குப் பாதி, எனக்குப் பாதி. சாட்சிக் கையெழுத்து அத்தானுடையது. கூடவே ஒரு துண்டுத் தாள்: "மச்சான், மாமா நல்லா இருக்கும்போதே எழுதிட்டார். பீரோ ஒழிக்கும்போது கிடைச்சது. உங்க பிரதி உங்ககிட்டயே இருக்கட்டும்." அவ்வளவுதான்.

மகனைப் பற்றி நீ கேட்டதற்கு மூன்று நாளாகப் பதில் தேடினேன். "கதைக்குத் தேவைப்படவில்லை" என்று எழுதி அடித்துவிட்டேன்.

பத்திரிகைக்கு எழுதி, இது யாரையும் குறிப்பதல்ல என்று போடச் சொல்கிறேன். இன்னொன்றும் செய்திருக்கிறேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து அத்தானை வைத்து ஒரு புதுக் கதை எழுதியிருக்கிறேன். இதில் ஒரு கெட்டது கிடையாது. எந்த லாபமும் பார்க்காத மனிதன். படியை இத்துடன் வைத்திருக்கிறேன். அவரிடம் படித்துக் காட்டு. பிடித்திருந்தால் அதே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அந்த மோட்டார் அறையில் அதையும் படிக்கட்டும்.

மாதக் கடைசியில் வரப் பார்க்கிறேன். இங்கே வேலை கொஞ்சம் நெருக்கடி.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் புதுக் கதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். படித்துக் காட்டவில்லை. அவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்து அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் கதையில் அவரைத் திருடன் ஆக்கினாய். இதில் கோயில் சிலை ஆக்கியிருக்கிறாய். இரண்டுக்கும் நீ அவர் பக்கத்தில் உட்காரத் தேவையில்லை, பார்த்தாயா?

என் புருஷனை எனக்குத் தெரியும். அப்பாவைத் திட்டுவார். வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டுவார். ஒருநாள் அப்பா அவர் முகத்தில் கஞ்சியைத் துப்பினார். "கெட, நனைஞ்சே கெட" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் ஈரத்துணி மாற்றாமல் வெளியில் போய் நின்றார், வேண்டுமென்றே. நான் வேலையிலிருந்து வந்து பார்த்துச் சண்டை போட்டேன். உன் புதுக் கதையில் அந்த மனுஷன் எங்கே? இந்தச் சிலை எதைத் துடைத்தது?

லாபம் பார்க்காதவர் என்று எழுதியிருக்கிறாய். அதுவும் பொய். போன வருஷம் ஒருநாள் நானே கேட்டேன், "இவ்வளவு திட்டறீங்களே, அந்தக் கைய மட்டும் ஏன் ஒருநாள் விடாம பாக்கறீங்க?" அவர் என்ன சொன்னார் தெரியுமா? "காலையில அந்தப் பத்து நிமிஷம் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கமாட்டாங்கடி. கை நிமிருது, பாத்துக்கிட்டே இருப்பேன். அதுக்கப்புறம் நாள் பூரா லிஃப்ட் நின்னுபோச்சு, லிஃப்ட் நின்னுபோச்சுன்னு ஊர்ல இருக்கறவனெல்லாம் கத்துவான்." அதுதான் அவர் லாபம். பத்து நிமிஷம். இருந்தது, உனக்குக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. ஒரே ஒரு காரணம்தான் உன் பையில் இருக்கிறது, எவன் வந்தாலும் அதையே எடுத்து மாட்டுகிறாய். அதற்குப் பெயர் உலகத்தைப் புரிந்துகொண்டதா? சோம்பேறித்தனம்.

அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நீ பிடுங்கிக்கொண்டாய். பெயரையும் வீட்டையும் விடு. இப்போது அந்த நேரத்தில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், தையல்காரம்மா சொல்கிறாள்.

ஏப்ரல் எட்டாம் தேதி டாக்டர் பார்க்கிறார். அதற்குள் கை கொஞ்சமாவது இளகவில்லை என்றால் உள்ளே நரம்பை வெட்டி விடவேண்டும் என்கிறார். அப்பாவின் இதயம் மயக்க மருந்தைத் தாங்குமா என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "பாக்கலாம்மா" என்றார். அந்தப் "பாக்கலாம்" எனக்கு நன்றாகத் தெரிந்த பதில்.

மாதக் கடைசி, வேலை நெருக்கடி என்றெல்லாம் எழுதாதே. மெய்ப்புத் தாளை எங்கே உட்கார்ந்தும் திருத்தலாம். வா. கதை எதுவும் கொண்டுவராதே.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பத்து நாள் அங்கே இருந்துவிட்டு இங்கே திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். டாக்டர் வெட்ட வேண்டாம் என்று சொன்னதும் நீ ஆஸ்பத்திரி நடையில் அப்படியே தரையில் உட்கார்ந்தாயே, அதுவே கண்ணில் நிற்கிறது. ஆனால் அவர் சொன்ன மற்றதும் காதில் இருக்கிறது. மோதிர விரலும் சுண்டுவிரலும் இனி நிமிராது. இரண்டுதான் பிழைத்தது, அதுவும் தினமும் செய்தால். நிமிராத அந்த இரண்டு விரலும் என் கதைக்குப் போனவை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அத்தான்கூட.

நீ வேலைக்குப் போன பிறகு அந்த அறையில் நடந்தவை உனக்குத் தெரியாது. முதல் ஐந்து நாள் அப்பா என்னையும் அடித்தார். ஆறாம் நாள் அத்தான் கதவுப் பக்கத்தில் வந்து நின்றார். நான் வந்ததிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். "விரல இழுக்காதீங்க" என்றார். "மணிக்கட்ட உள்பக்கமா மடக்குங்க. விரல் தானா விடும்." மடக்கினேன். விட்டது. என் கதையில் அவன் விரலைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவான். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார்.

இப்போது சொல்லப்போவதற்கு நீ என்னை வெறுத்தாலும் பரவாயில்லை. ஏழாம் நாள் அப்பா கையைக் கொடுத்தபோது, நீ இதைப் பார்க்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. எட்டாம் நாள் புண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த நாற்றத்துக்கு நல்ல வாக்கியம் ஒன்று மனதில் வந்துவிட்டது. கை என் கையில் இருக்கிறது, நான் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாம் நாள், இத்தனையும் செய்தால் அத்தான் என்னை மன்னித்துவிடுவார் என்று மனக்கணக்குப் போட்டேன். இந்தப் பத்து நாளில் ஒரு நாள்கூட நான் அப்பாவுக்காக மட்டும் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. இதுதான் நிஜம். நீ சொன்னபடி முதல் தாளின் உச்சியில் என் பெயரை எழுதிப் பார்த்துவிட்டேன்.

அதனால் மறுபடி வர எனக்குத் தகுதி இல்லை என்று நினைக்கிறேன். பயிற்சி பெற்ற ஆள் ஒருவரை வைத்துக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன். என் மனசு கொஞ்சம் சுத்தமாகட்டும், அப்புறம் வருகிறேன்.

தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழித்துப் போடப் பார்த்தேன். அப்புறம் பதில் எழுதவேண்டுமே என்று விட்டேன்.

உன் மனசு சுத்தமாவதற்கு எத்தனை வருஷம் ஆகும்? நாற்பது வருஷமாக ஆகவில்லை. அப்பாவுக்கு அத்தனை நாள் கிடையாது. வராமல் இருப்பதற்கு முன்பு அத்தான் கெட்டவர் என்று ஒரு காரணம் வைத்திருந்தாய். இப்போது நான் கெட்டவன் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறாய். இரண்டிலும் நீ அங்கேதான் இருக்கிறாய், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

நான் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது விரிப்பு துவைக்கிறேன். நோயாளிகள் மேல் அன்பு பொங்கியா துவைக்கிறேன்? சம்பளத்துக்குத்தான். விரிப்பு வெளுக்கிறது. அதில் படுக்கிறவனுக்குப் புண் வராது. அவன் என் மனசைக் கேட்டதில்லை.

ஆள் வைத்துப் பார்த்துவிட்டோம். நேற்று ஒருத்தர் வந்தார், அப்பா அவர் கையைக் கடித்துவிட்டார். நீ போன நாளிலிருந்து அப்பா கையை யாரிடமும் கொடுக்கவில்லை. வேலைக்குப் போகுமுன் வெந்நீர் கொண்டுவந்தால் கதவைப் பார்க்கிறார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னையா, அவரையா. உன் அத்தான் இன்னும் வெந்நீர் நேரத்தில் அறைக்குள் வருவதில்லை. நான் கேட்டேன். "மணிக்கட்டச் சொல்லிக்குடுத்துட்டேன்ல, அவ்வளவுதான் என்னால முடியும்" என்றார். மோட்டார் அறையில் இன்றைக்கும் அவர் ரேகைதான். அதை நீ அழிக்க முடியாது, பத்திரிகையில் எதைப் போட்டாலும்.

பெருமைக்காகப் பிடி. நான் பார்க்கவேண்டும் என்று பிடி. வாக்கியம் வந்தால் வரட்டும், கையை விடாமல் திருத்திக்கொள். விரலுக்கு அதெல்லாம் தெரியாது.

மன்னிப்பு கிடைக்கும் என்று கணக்குப் போட்டாயே, அதை மட்டும் அடித்துவிடு. அவர் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. மன்னிப்போம் என்றும் தோன்றவில்லை. மெய்ப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ரயிலில் ஏறு. பின்கட்டு அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெந்நீர் கட்டில் பக்கத்தில் இருக்கும்.

அக்கா